கிரகணத்தில் ஊஞ்சல் ஆடிய யுவதி

விஞ்ஞானம் படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், மற்றவர்கள் எல்லாரும் மெல்ல மெல்லப் பொய் சொல்லப் பழகிவிடுவார்கள். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத விதி, நானே கண்டுபிடித்தது. பௌதிகவியலில் பட்டம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, யார் எதைச் செய்தாலும் "இதுக்கு ஆதாரம் இருக்கோ?" என்று கேட்பதை ஒரு முழுநேர வேலையாகவே வைத்திருந்தேன். கண்பட்டுவிட்டது என்று நாவூறு கழிக்க அம்மா செத்தல் மிளகாயைக் கையில் எடுத்தால் போதும், குசினி வாசலில் நின்று விரிவுரை நடத்துவேன். இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டில் நாவூறு கழிப்பது அடியோடு நின்றுபோயிற்று. என் அறிவொளியில் வீடு திருந்திவிட்டது என்று நானும் நம்பினேன். நான் ரியூசனுக்குப் படிப்பிக்கப் போகும் நேரம் பார்த்து மிளகாய் சுற்றப்பட்டது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

2019 மார்கழியில் எனக்கு வயது இருபத்தாறு. உரும்பிராயில் எங்கள் வீட்டில் அப்போது மூன்று பெண்கள் இருந்தோம். அப்பா காலமாகிப் பல வருடம். அத்தான் கொழும்பில் வேலை. அதனால் அக்கா பிள்ளைப்பேற்றுக்காக எங்களோடு வந்து நின்றார். ஏழாம் மாதம். அதற்கு முந்திய வருடம் ஒன்று தங்கி, மூன்றாம் மாதத்திலேயே இல்லாமல் போனது. அதைப்பற்றி வீட்டில் எவரும் கதைப்பதில்லை. கதைக்காமலே அம்மா அக்காவுக்கு ஒரு நாளைக்கு ஐந்து தரம் சாப்பாடு கொடுத்தார்.

மூன்றாவது ஆள் நான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளர் இடம். இருந்தது ஒரு இடம். கேட்டு நின்றது இரண்டு பேர். மற்றவர் முதலாம் வகுப்பில் சித்தியடைந்தவர். (என் வகுப்பைப் பற்றி இங்கே எழுதுவது அவசியமில்லை.) முடிவெடுக்க வேண்டிய பேராசிரியர் ஓய்வுக்கு நெருங்கிய மனிதர். அவர் சிரித்து நான் கண்டதில்லை, இருமிக் கண்டிருக்கிறேன்.

"முதலாம் வகுப்பு எல்லாரும் எடுக்கினம்" என்றார் என்னிடம். "நீரே பார்த்து, நீரே எழுதின ஒரு அவதானிப்பைக் கொண்டு வாரும். தை பிறக்க முதல் முடிவு சொல்லுறன்."

அம்மாவுக்கும் ஒரு தவணை இருந்தது. ரொறன்ரோவில் ஒரு மாப்பிள்ளை. சாதகம் பொருந்திவிட்டது, நான் தலையாட்டுவதுதான் பாக்கி. "தைக்கிடையிலை உனக்கு அந்த இடம் கிடைச்சால் படி. இல்லாட்டில் ஓமெண்டு சொல்லு" என்று அம்மா சொல்லி, நானும் வீறாப்பில் சரி என்றுவிட்டேன். ஆக, தை மாதத்தில் நான் போவது பல்கலைக்கழகத்துக்கா, பனி தள்ளவா என்பது ஒரு நல்ல அவதானிப்பில் தங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கிரகணம் வந்தது. நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் காலை, வளையக் கிரகணம், அதுவும் எங்கள் தலைக்கு நேரே. குடாநாடே ஆயத்தப்பட்டது. கறுப்புக் கண்ணாடி தேடி யாழ்ப்பாணம் முழுக்கச் சனம் அலைந்தது. எல்லாரும் சூரியனைப் பார்க்கப் போகிறார்கள் என்றால் நான் வேறு எதையாவது பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என் சுபாவம் அப்படி.

தேடி வாசித்ததில் ஊசல் அகப்பட்டது. நீளமான நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினால், அது ஆடும் திசை மிக மெதுவாகத் திரும்பும். பூமி சுழல்வதன் விளைவு அது. எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் மணித்தியாலத்துக்கு இரண்டரைப் பாகைதான் திரும்பும். பத்து நிமிடத்தில் அது கண்ணுக்குத் தெரிவதே பெரிய பாடு. ஆனால் கிரகண நேரத்தில் ஊசல் குழப்படி செய்ததாக, தாறுமாறாகத் திரும்பியதாக வெளிநாடுகளில் சிலர் சொல்லியிருந்தார்கள். வேறு சிலர் அதையே திரும்பச் செய்துபார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். நடந்தது உண்மையென்றால் ஏன் நடந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம்: காற்றுக் குளிர்ந்தது, நிலம் அசைந்தது, கட்டடம் சரிந்தது. அந்த வரிசையில் ஒருமூலையில் காந்தமும் இருந்தது. சந்திரனின் நிழல் விழும்போது மேல் வளிமண்டலத்தில் உள்ள மின்னேற்றப் படை மெலிகிறது. அதனால் பூமியின் காந்தப்புலம் கொஞ்சம் ஆட்டங்காண்கிறது. குண்டில் காந்தப் பொருள் இருந்தால் அதுவும் சேர்ந்து ஆட்டங்காணலாம். "கொஞ்சம்" என்பது எவ்வளவு கொஞ்சம் என்பதை நான் வாசித்த கட்டுரை தெளிவாகவே சொல்லியிருந்தது. அந்தப் பந்தியை நான் வேகமாக வாசித்தேன்.

என் திட்டம் உண்மையில் மோசமில்லை. இரண்டு ஊசல். ஒன்றில் காந்தக் குண்டு, மற்றதில் ஈயக் குண்டு. கிரகணத்தில் இரண்டும் குழம்பினால் காற்று, நிலம், கட்டடம். காந்தம் மட்டும் குழம்பினால், காந்தம்தான். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரிடம் பழைய பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய பெரிய காந்தம் வாங்கினேன். ஈயத்துக்கு யாழ்ப்பாணம் போய், வலையில் கட்டும் ஈயக்கட்டிகளை வாங்கி உருக்கினேன். வீட்டு ஹோலின் குறுக்கே ஓடும் தீராந்தியில் இரண்டையும் கட்டினேன். தீராந்தி கிழக்குப் பக்கமாக ஒதுங்கி இருந்ததால், காந்த ஊசல் அக்காவின் அறையை மறைத்துப் போட்டிருந்த பலகைத் தட்டிக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கியது. நிலத்தில் வட்டம் கீறிப் பாகை குறித்தேன்.

அம்மா வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"உதென்ன பிள்ளை?"

"ஊசல், அம்மா."

"ஊஞ்சலோ? பிள்ளை பிறக்க முதல் ஏன் உது? பிறந்தாப்போலை ஏணை கட்டுவம்."

"ஊஞ்சலில்லை, ஊசல். ஆராய்ச்சிக்கு."

"அந்தக் கறுப்புக் குண்டு என்ன?"

இந்த இடத்தில்தான் நான் ஒரு கணம் யோசித்தேன். கைபேசியிலிருந்து ஏதோ கதிர் வருகிறது என்று கேள்விப்பட்டு, அக்காவின் போனையே குசினியில் வைத்துக் கதைக்கச் சொன்னவர் அம்மா. காந்தம் என்று சொன்னால் காந்தமும் நானும் சேர்ந்து வெளியே போகவேண்டிவரும்.

"சும்மா ஒரு கல்லு" என்றேன். விஞ்ஞானம் படித்த பிள்ளை இருக்கும் வீட்டில் மற்றவர்கள் பொய் சொல்வார்கள் என்றேன் அல்லவா, அந்தப் பிள்ளை சொல்வதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

கிரகணத்துக்கு முதல்நாள் மத்தியானச் சாப்பாட்டில் நான் ஒரு பிரகடனம் வாசித்தேன். நாளைக்கு இந்த வீட்டில் மூடநம்பிக்கை எதுவும் நடக்கக்கூடாது. பிள்ளைத்தாச்சியை இருட்டில் பூட்டி வைப்பது, மரக்கறி வெட்டினால் பிள்ளையின் உதடு பிளக்கும் என்று பயமுறுத்துவது, ஒன்றும் கூடாது. ஊசல் ஆடும்போது ஹோலுக்குள் ஒருவரும் வரக்கூடாது. அக்கா சோற்றைப் பிசைந்தபடி அம்மாவைப் பார்த்தார். அம்மா எனக்கு இன்னொரு அகப்பை கத்தரிக்காய்க் கறி போட்டார்.

"ஓம் பிள்ளை. நீ சொல்லுறதுதான் சரி" என்றார்.

என் வாழ்நாளில் அம்மா என்னோடு ஒத்துப்போனது அதுதான் முதல்தடவை. அந்த இடத்திலேயே நான் உசாராகியிருக்கவேண்டும். நானோ மனம் உருகி, கத்தரிக்காய் நல்லாயிருக்கு என்று சொன்னேன்.

அடுத்த நாள் விடிய ஏழு மணிக்கே ஹோலின் கதவுகளைச் சாத்திவிட்டு இருந்துவிட்டேன். ஊசலைக் கையால் தள்ளினால் பக்கவாட்டில் உந்தல் விழும். ஆகவே குண்டைத் தையல் நூலால் பின்னுக்கு இழுத்துக் கட்டி, நூலைத் தீக்குச்சியால் எரித்து விடவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு ஊசலுக்கும். போனில் நேரம் பார்த்து, கொப்பியில் பாகை எழுதினேன். ஏழரை வரை இரண்டும் நல்ல பிள்ளைகள். ஏழு ஐம்பதுக்கும் அப்படியே. எட்டு மணிக்கு எங்கோ ஒரு சத்தம் கேட்டது. ஆராய்ச்சியாளர் எதையும் விடக்கூடாது என்பதால் அதையும் எழுதினேன். என் கையெழுத்தில் அந்த வரி இன்னமும் இருக்கிறது: "8.00. கிறீச் என்ற ஒலி. வளிமண்டல மின்னிறக்கமாக இருக்கலாம்."

அதற்குப் பிறகு காந்த ஊசல் கிழக்கே சாய்ந்தது.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். நூலை மாற்றிக் கட்டினேன். திரும்ப எரித்தேன். பத்து நிமிடத்துக்குள் பன்னிரண்டு பாகை, ஒவ்வொரு முறையும், கிழக்கே, சூரியன் இருந்த பக்கம். ஈயக் குண்டு பக்கத்திலேயே ஒன்றும் நடக்காததுபோல நேராக ஆடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் ஒரு பெட்டி தீக்குச்சி நிலத்தில் கொட்டுண்டது.

தட்டிக்கு அங்காலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பிள்ளை, என்னவோ எரியிற மணம் வருது."

"விஞ்ஞானம், அம்மா."

"கவனம் பிள்ளை. சீலையிலை பத்தும்."

ஒன்பதரை மணியளவில் ஊரெல்லாம் ஆரவாரம் கேட்டது. வளையம் தெரிந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை, நிலத்தில் குந்தியிருந்து பாகை எண்ணிக்கொண்டிருந்தேன். அக்காவும் அம்மாவும் அறையை விட்டு வெளியே வரவில்லை. உரும்பிராயில் அந்த வளையத்தைப் பார்க்காத மூன்று பேர் இருந்தார்கள் என்றால், அந்த மூன்று பேரும் எங்கள் வீட்டில்தான் இருந்தோம். பதினொன்று பத்துக்குத் திரும்பவும் ஒரு கிறீச், கூடவே ஒரு தடால். அதையும் எழுதினேன். அதோடு காந்த ஊசல் பழையபடி நல்ல பிள்ளையாயிற்று.

கிரகணம் தொடங்கியது எட்டுப் பத்துக்கு. விட்டது பதினொன்று இருபதுக்கு. என் ஊசல் குழம்பியது எட்டு மணிக்கு, தெளிந்தது பதினொன்று பத்துக்கு. இரண்டு முனையிலும் சரியாகப் பத்து நிமிடம் முந்தி. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தலையைச் சொறிந்திருப்பார்கள். எனக்கு ஒரு நாளிலேயே விளக்கம் வந்துவிட்டது: நிழல் தரையைத் தொடமுன்னமே மேலே உள்ள மின்னேற்றப் படையைத் தொட்டுவிடுகிறது, விடும்போதும் மேலேதான் முதலில் விடுகிறது, ஆகவே காந்த விளைவு கிரகணத்துக்கு முன்னால் ஓடுகிறது. அதற்கு "முன்னோடி விளைவு" என்று பெயரும் வைத்தேன். என் பெயரையே அதற்கு வைக்கலாமா என்றும் யோசித்தேன். (அடக்கம் காரணமாக விட்டுவிட்டேன். அடுத்தவர்கள் வைக்கட்டும் என்று.)

பேராசிரியருக்கு அறிக்கை அனுப்பினேன். அவர் "வந்து பார்க்கிறேன்" என்று ஒரே வரியில் பதில் போட்டார். அந்த வரியோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. என்னிடம் ரியூசன் படித்த ஒருத்தி அப்போது ஒரு செய்தி இணையத்தளத்தில் வேலைசெய்தாள். போனில் அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அரை மணித்தியாலம் விளக்கினேன். அன்று பின்னேரமே செய்தி வந்தது, என் பட்டமளிப்புப் படத்தோடு: "கிரகணத்தில் ஊஞ்சல் ஆடிய உரும்பிராய் யுவதி! அதிர்ச்சியில் விஞ்ஞானிகள்!"

செய்திக்குள்ளே எல்லா இடத்திலும் ஊசலைத்தான் ஊஞ்சல் ஆக்கியிருந்தார்கள். காந்த ஊஞ்சல், ஈய ஊஞ்சல். எங்கள் சொந்தக்காரர் எவரும் செய்தியை உள்ளே போய் வாசிப்பதில்லை, தலைப்போடு நிற்பார்கள். முதலாவதாக இலண்டனிலிருந்து சின்னம்மா எடுத்தார்.

"ஏன் பிள்ளை, கொக்கா பிள்ளைத்தாச்சியா இருக்கேக்கை, அதுவும் கிரகணத்திலை, உனக்கு ஊஞ்சலாட்டம் கேக்குதோ?"

"சின்னம்மா, அது ஊஞ்சலில்லை."

"படம் போட்டிருக்கு. பிறகும் இல்லையெண்டுறாய்."

நோர்வேயிலிருந்து எடுத்தவர்கள், ஆடியது எந்த மரத்தில் என்று கேட்டார்கள். ரொறன்ரோ மாப்பிள்ளையின் தாயார் என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்டார். அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார். வெளியே வந்தபோது முகம் சரியில்லை.

"யோசிச்சுச் சொல்லுறமெண்டினம்" என்றார்.

எனக்கு உள்ளூரச் சந்தோசம். ஆனால் கூடவே ஒரு பயமும் வந்தது. பேராசிரியரும் இந்தச் செய்தியைப் பார்த்திருப்பார். அவர் வந்து பார்த்து இது சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் நான் விஞ்ஞானி. இல்லையென்றால் கடைசிவரை ஊஞ்சலில் ஆடியவள்தான்.

மூன்றாம் நாள் காலை அவர் தன் பழைய மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஒரு கதையும் இல்லாமல் நேராக ஊசலுக்குக் கீழே போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்து ஹோலைச் சுற்றி நடந்தார். காந்தக் குண்டுக்குக் கிட்டத் தவிர வேறெங்கும் முள் அசையவில்லை. பிறகு கதிரையில் இருந்து என் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். அம்மா தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் கொண்டுவந்து வைத்தார். இருபது நிமிடம் வடை நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

"காந்தத்துக்கு மட்டும் நடந்திருக்கு" என்றார் கடைசியில். "ஈயத்துக்கு நடக்கேல்லை."

"ஓம் சேர்."

"நல்ல முறை. ஆரும் பிழை சொல்லேலாது."

 அம்மா தட்டை எடுக்க வந்தவர், அவர் சொன்னதைக் கேட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "காந்தமோ?" என்றார் மெல்ல. நான் கேளாததுபோல நின்றேன்.

பேராசிரியர் எழும்ப ஆயத்தமாகிச் சுவரைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"உங்கடை மணிக்கூடு பத்து நிமிசம் முந்தி ஓடுது" என்றார் அம்மாவிடம்.

"அது வேணுமெண்டுதான் சேர் வைச்சிருக்கிறம். பஸ்ஸுக்குப் பிந்தாமல் போகலாமெல்லே."

பேராசிரியர் எழும்பவில்லை. வடையைக் கடித்தவர் மெல்வதை நிறுத்தினார். கொப்பியைத் திரும்பவும் எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தார்.

"பிள்ளை, நீர் நேரம் பார்த்தது எதிலை?"

"போனிலை, சேர்."

"அப்ப இந்த மணிக்கூட்டைப் பார்த்தது ஆர்?"

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அக்காவின் அறையிலிருந்து தட்டிக்கு மேலால் எட்டினால் அது நேரே தெரியும்; அதில் எட்டுப் பத்து ஆகும்போது என் போனில் எட்டு மணி. பிறகு அம்மாவைப் பார்த்தேன். அம்மா சீலைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினார். எங்கள் வீட்டில் அது ஒரு குற்ற ஒப்புதல்.

பலகைத் தட்டிக்கு அங்கால் அக்கா சிரிக்கத் தொடங்கினார். ஏழு மாத வயிற்றோடு சிரிப்பது கஷ்டம்; விட்டுவிட்டுத்தான் வந்தது.

"சொல்லுங்கோ அம்மா" என்றார் உள்ளே இருந்தபடி. "இல்லாட்டில் நான் சொல்லிப்போடுவன்."

"என்னத்தைச் சொல்லுறது? பிள்ளைத்தாச்சிக்குக் கிரகணத்திலை பக்கத்திலை இரும்பு வைக்கிறது வழமைதானே, சேர்" என்றார் அம்மா. "கொஞ்சம் வைச்சனான்."

"எவ்வளவு கொஞ்சம்?"

அம்மா முகட்டைப் பார்த்தார். அக்கா உள்ளே இருந்து பட்டியல் வாசித்தார். கட்டிலுக்குக் கீழே எங்கள் அலவாங்கு ஒன்று. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய அலவாங்கு இரண்டு. (கடப்பாரை என்றால்தான் சிலருக்கு விளங்கும்; ஆளுயரத் தனி இரும்பு.) மண்வெட்டி இரண்டு. கோடாலி. பூண் போட்ட உலக்கை. தோசைக்கல். பாக்குவெட்டி தலையணைக்குக் கீழே. இவ்வளவும் போதாதென்று, வார்ப்பிரும்புக் கால் வைத்த தையல் மெசின், அறையின் மற்ற மூலையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து தலைமாட்டில், தட்டியோடு சேர்த்து. அந்த மெசினின் சின்னச் சில்லுகளுக்கு எண்ணெய் போட்டுப் பல வருடம்.

பேராசிரியர் என் கொப்பியில் எட்டு மணி வரியை வாசித்தார். சத்தமாகவே வாசித்தார். "கிறீச் என்ற ஒலி. வளிமண்டல மின்னிறக்கமாக இருக்கலாம்."

நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன். விழுங்கவில்லை. பேராசிரியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழும்பினார்.

"எல்லாத்தையும் அண்டைக்கு இருந்த மாதிரி வையுங்கோ பாப்பம்."

அடுத்த அரை மணித்தியாலம் எங்கள் வீட்டில் ஒரு இரும்புக் கடை திறந்தது. அக்கா கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு எது எந்த இடம் என்று கை காட்டினார். நானும் அம்மாவும் முகம் பாராமல் ஆளுக்கொரு பக்கம் அலவாங்கைத் தூக்கிவந்தோம். அம்மா பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் "அந்த ரெண்டையும் ஒருக்கால் தா தங்கச்சி, திரும்பவும் தேவைப்படுது" என்று கேட்க, அந்த மனிசி பயந்துபோய் "இண்டைக்கும் கிரகணமோ?" என்றார். தையல் மெசினைப் பேராசிரியரே தள்ளினார். கிறீச் என்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

நூலை எரித்தேன். காந்தக் குண்டு நாலைந்து தரம் நேராக ஆடிவிட்டு, மெல்ல மெல்லக் கிழக்கே சாய்ந்தது. பன்னிரண்டு பாகை. ஈயக் குண்டு அன்றுபோலவே ஒன்றும் அறியாமல் ஆடியது. வெளியே சூரியன் ஒரு கீறல் இல்லாமல் முழுசாக எறித்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். அவரால் இருமலை நிறுத்தமுடியவில்லை. அக்கா தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அது இருமல் இல்லை என்று எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. பேராசிரியர் நிற்பதையும் மறந்து அம்மாவிடம் பாய்ந்தேன்.

"ஏனம்மா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? இதிலை என்ரை எதிர்காலமே கிடந்தது."

"சொன்னால் நீ வைக்க விட்டிருப்பியோ? நீயும் அதைக் கல்லெண்டுதானே சொன்னனீ."

"அதுக்காக மூண்டு அலவாங்கோ?"

அம்மா உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"போனமுறை நான் ஒண்டும் செய்யேல்லை பிள்ளை" என்றார். "நீ சிரிப்பாய் எண்டு நாவூறு கூடக் கழிக்கேல்லை. அது தங்கேல்லை."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு வருடமாக அந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு, எனக்குப் பயந்து, ஒளித்து ஒளித்து மிளகாய் சுற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார். வீட்டில் எல்லாவற்றையும் அவதானிப்பதாக நினைத்துக்கொண்டிருந்த நான் அதைக் காணவில்லை. எனக்கு அன்று வந்த வெட்கம் ஊசலுக்காக இல்லை. அம்மாவின் கையைப் பிடித்தேன். தையல் மெசினுக்கு எண்ணெய் போட்டுத் தாறன் என்றேன்.

பேராசிரியர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"இதை எழுதும்" என்றார். "காந்தம், இரும்பு, மணிக்கூடு, அம்மா, எல்லாம் வரவேணும். ஒண்டையும் மறைக்காதையும்."

எழுதினேன். எட்டுப் பக்கம், வரைபடத்தோடு. ஒவ்வொரு வரியும் பல் பிடுங்குவதுபோல இருந்தது. "முன்னோடி விளைவு" என்ற தலைப்பை வெட்டிவிட்டு, "அருகிலுள்ள கட்டிலின் கீழ் வைக்கப்பட்ட இரும்பின் தாக்கம்" என்று போட்டேன். தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முழுவதையும் வாசித்துவிட்டு, கிறீச் சத்தத்தைக் கொப்பியில் எழுதாமல் விட்டிருந்தால் உண்மையைப் பிடிக்கத் தனக்கு இன்னும் இரண்டு நாள் போயிருக்கும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"உமக்கு இடம் தாறன். ஆனால் காந்தத்துக்குக் கிட்டப் போகவேண்டாம்."

அப்படித்தான் நான் கிணற்று நீர் ஆராய்ச்சிக்காரி ஆனேன். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளுக்குள் அளவுநாடாவை இறக்கி, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, எவ்வளவு உப்பு என்று எழுதுகிறேன். இன்றுவரை அதுதான் தொழில். அந்த இணையத்தளத்துக்கும் போன் பண்ணி, செய்தி பிழை, திருத்துங்கள் என்று கெஞ்சினேன். "அது பழைய செய்தி, மிஸ்" என்றாள் என் மாணவி. ரொறன்ரோக்காரர் சரிவராதென்று சொல்லிவிட்டார்கள். கிரகணத்தில் ஊஞ்சலாடுகிற மருமகள் அவர்களுக்கு வேண்டாமாம். நான் ஒரு கிழமை கவலைப்பட்ட மாதிரி நடித்தேன்.

பங்குனியில் அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நல்ல நிறை, நல்ல தொண்டை. ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது.

"உன்ரை பரிசோதனை பிழைச்சுப்போச்சு. என்ரை சரிவந்திட்டுது" என்றார்.

பிள்ளையைக் கண்ட சந்தோசத்தில் அழுதுகொண்டிருந்தேன். அழுதுகொண்டே விளக்கம் சொல்லத் தொடங்கினேன். (விட்டதா பழக்கம்?) "அப்பிடிச் சொல்லேலாது அம்மா. இரும்பு வைச்சதாலைதான் எண்டு எப்பிடித் தெரியும்? அதுக்குக் கட்டுப்பாட்டுப் பரிசோதனை ஒண்டு வேணும். இரும்பு வைக்காமல் ஒரு பிள்ளைத்தாச்சியைப் பாத்தால்தான் ஒப்பிடலாம்."

அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"அப்ப அடுத்த கிரகணத்துக்கு நீ பிள்ளைத்தாச்சியா இருந்து, இரும்பு வைக்காமல் செய்து காட்டு."

கட்டிலில் கிடந்த அக்கா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தாதியிடம் பேச்சு வாங்கினார். அன்று பொழுது படுவதற்குள் இந்தப் பதில் இலண்டன், நோர்வே எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் "கலியாணம் எப்ப?" என்று எவரும் என்னிடம் கேட்பதில்லை. "கட்டுப்பாட்டுப் பரிசோதனை எப்ப?" என்றுதான் கேட்கிறார்கள். கலியாண வீடுகளில், கோயில் வாசலில், நான் கிணற்றுக் கட்டில் குனிந்து நிற்கும்போது போனில். அக்காவின் மகளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. அவளும் அர்த்தம் தெரியாமல் கேட்கிறாள். எல்லாருக்கும் நான் ஒரே பதில் வைத்திருந்தேன்: அந்தப் பரிசோதனைக்குப் பொருத்தமான உதவியாளர் இன்னும் அமையவில்லை.

போன கிழமை அம்மா அதையும் உடைத்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூன்று சாதகங்களை மேசையில் எனக்கு முன்னால் விரித்துவைத்தார்.

"உதவியாளர் வேலைக்கு மூண்டு விண்ணப்பம் வந்து கிடக்கு" என்றார். "நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடட்டோ?"